‘அப்பா எப்போது திரும்பி வருவார்?’
பெற்றோரை இழந்த குழந்தைக்கு நாம் செய்ய வேண்டியவை

ஒரு குடும்பத்தில் இறப்பு நேர்ந்த சில வாரங்களில், அதன் காகிதப் பக்கம் எங்கள் மேசைக்கு வந்து சேர்கிறது. இறப்புச் சான்றிதழ், ஆதார் நகல், பாஸ்புக், கோரிக்கைப் படிவம் ஆகியவற்றைச் சரிபார்ப்பது எங்கள் அன்றாடப் பணி. படிவத்தில் இறந்தவரின் பெயருக்கும் வாரிசுகளின் பெயருக்கும் இடமுண்டு. தாயின் சேலை முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நான்கு வயதுக் குழந்தை என்ன நினைக்கிறது என்பதைக் கேட்கும் கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை.

வீட்டிலும் பெரும்பாலும் இதே நிலைதான். பெரியவர்கள் அழுகிறார்கள், உறவினர்கள் ஆறுதல் கூறுகிறார்கள், சடங்குகள் நடக்கின்றன. குழந்தையை மட்டும் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். “அதற்கு என்ன தெரியும்? விளையாடட்டும்” என்கிறோம். குழந்தைக்கு எதுவும் தெரியாது என்று நாம் எண்ணிக்கொள்வது நம்முடைய வசதிக்காக. வீட்டில் ஏதோ பெரிதாக உடைந்துவிட்டது என்பதைக் குழந்தை அறிந்தே இருக்கிறது. என்ன உடைந்தது என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

தாயையோ தந்தையையோ இழந்த குழந்தைக்கு மூன்று உறுதிகள் தேவை. நடந்தது என்ன என்பதை எளிய சொற்களில் யாரேனும் சொல்ல வேண்டும். இனி தன்னைப் பார்த்துக்கொள்பவர் யார் என்பது அதற்குத் தெரிய வேண்டும். இறந்தவரைப் பற்றிப் பேசவும் நினைக்கவும் அந்த வீட்டில் இடம் இருக்க வேண்டும். இம்மூன்றையும் எவ்வாறு அளிப்பது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

வயதுக்கேற்ற புரிதல்

இறப்பு என்பதற்குப் பெரியவர்கள் கொள்ளும் பொருளில் நான்கு கூறுகள் அடங்கியுள்ளன. இறந்தவர் திரும்ப மாட்டார். அவர் உடல் இயங்காது. அதற்கு ஒரு காரணம் உண்டு. எல்லோருக்கும் ஒருநாள் அது நேரும். இவை நான்கும் குழந்தையின் மனத்தில் ஒரே நாளில் படிவதில்லை. உளவியலாளர் மரியா நாகி, ஹங்கேரியக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வை 1948-இல் வெளியிட்டார். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் பலரும் இறப்பை ஒரு நெடிய பயணம் போலவோ உறக்கம் போலவோ கருதுவதை அவர் பதிவு செய்தார். பின்னர் வந்த ஆய்வாளர்கள் வயது எல்லைகளில் வேறுபட்டாலும், இப்புரிதல் படிப்படியாகவே முதிர்கிறது என்பதை ஏற்றுள்ளனர்.

எங்கள் கிளை ஒன்றில், கணவரின் சேமிப்புக் கணக்கை முடிப்பதற்காகத் தாய் ஒருவர் கையொப்பமிட்டுக்கொண்டிருந்தார். அருகிலிருந்த ஐந்து வயது மகன், “அப்பா வந்தா ஏ.டி.எம்.ல பணம் எடுக்கணுமே, ஏம்மா மூடுறீங்க?” என்று கேட்டான். அவன் குறும்பு பேசவில்லை. அவன் வயதுக்கு அது மிகச் சரியான கேள்வி. ‘அப்பா இறந்துவிட்டார்’ என்பது அவனுக்குத் தெரியும். ‘இறந்தவர் வரமாட்டார்’ என்பது இன்னும் தெரியாது.

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சொற்கள் புரியாவிட்டாலும், பழகிய மணமும் குரலும் மடியும் இல்லாமற்போனது புரியும். மூன்று முதல் ஐந்து வயது வரையிலான குழந்தை ஒரே கேள்வியை நாள்தோறும் கேட்கும். ஆறு முதல் ஒன்பது வயதுக்குள் ‘திரும்ப வரமாட்டார்’ என்பது விளங்கத் தொடங்கும், அதனுடன், “உடம்பு என்ன ஆகும்? சுட்டால் வலிக்காதா?” போன்ற கேள்விகளும் எழும். பெரியவர்களுக்கு இக்கேள்விகள் அதிர்ச்சி தரலாம். குழந்தை உண்மையைத் துண்டு துண்டாகக் கட்டி எழுப்புகிறது என்பதே அவற்றின் பொருள்.

எந்தச் சொல்லால் சொல்வது?

துயரச் செய்தியை மென்மையாக்கும் சொற்கள் தமிழில் ஏராளம். ‘இறைவனடி சேர்ந்தார்’, ‘காலமானார்’, ‘நம்மை விட்டுப் போய்விட்டார்’ என்கிறோம். பெரியவர்களிடையே இவை பண்பான சொற்கள். குழந்தையோ சொல்லைச் சொல்லாகவே எடுத்துக்கொள்ளும். ‘அம்மா தூங்குகிறாள்’ என்று கேட்ட குழந்தை, அன்றிரவு தானே உறங்க அஞ்சும். ‘அப்பா வெளியூர் போயிருக்கிறார்’ என்று கேட்ட குழந்தை வாசலில் காத்திருக்கும். சொல்லாமல் போய்விட்டாரே என்று தந்தை மீது கோபமும் கொள்ளும். ‘சாமி கூட்டிக்கொண்டு போய்விட்டார்’ என்பதைக் கேட்ட குழந்தை, அடுத்து தன்னை அழைத்துப் போவாரோ என்று பூசையறைக்குள் நுழையத் தயங்கும். ‘உடம்பு சரியில்லை, அதனால் இறந்துவிட்டார்’ என்று மட்டும் சொன்னால், அடுத்த முறை தாய்க்குச் சளி பிடிக்கும்போது குழந்தை நடுங்கும்.

ஆதலால் ‘இறந்துவிட்டார்’ என்ற சொல்லையே பயன்படுத்துவது நல்லது. அதை உடலின் இயக்கத்தோடு இணைத்து விளக்கலாம்: “அப்பாவுக்கு இதயத்தில் மிகப் பெரிய நோய் வந்தது. மருத்துவர்கள் எவ்வளவோ முயன்றார்கள், முடியவில்லை. அவருடைய இதயம் நின்றுவிட்டது. இனி அவரால் மூச்சு விடவோ நடக்கவோ பேசவோ முடியாது; அவருக்கு வலியும் இல்லை. அப்பா இறந்துவிட்டார். இனி அவர் திரும்பி வரமாட்டார். நமக்கு வருகிற சளி, காய்ச்சல் போன்றதல்ல அது.” இவ்வளவு போதும். கேட்காத விவரங்களைச் சேர்க்க வேண்டியதில்லை.

சொல்பவர் உயிரோடிருக்கும் தாயாகவோ தந்தையாகவோ இருப்பதே சிறப்பு. அவரால் இயலாத நிலையில், குழந்தை மிகவும் நம்பும் பாட்டியோ சித்தியோ மாமாவோ சொல்லலாம். குழந்தைக்குப் பழக்கமான இடத்தில், அதன் உயரத்துக்கு அமர்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டும். தள்ளிப்போடலாகாது, உறவினர் பேச்சிலிருந்தோ பக்கத்து வீட்டுச் சிறுவனிடமிருந்தோ குழந்தை முதலில் கேட்டுவிட்டால், வீட்டார் சொல்வதன் மேல் அதன் நம்பிக்கை குறைகிறது. சொல்லும்போது கண்ணீர் வந்தால் மறைக்க வேண்டியதில்லை. “அப்பா இல்லையே என்று எனக்கும் அழுகை வருகிறது” என்று சொல்லும் தாயைப் பார்த்தே, அழுவது தவறில்லை என்பதைக் குழந்தை கற்கிறது.

உலக நம்பிக்கைகளை விட்டுவிட வேண்டும் என்பதும் இல்லை. சொர்க்கம், மறுபிறவி, இறைவன் நிழல் என ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நம்பிக்கை உண்டு. முதலில் உடல் இயங்குவது நின்றுவிட்டது என்ற உண்மையைச் சொல்லி, அதன்பின் “நம் வீட்டில் நாம் இப்படி நம்புகிறோம்” என்று சேர்த்துக்கொள்ளலாம். வரிசை மாறினால்தான் குழப்பம்.

இறப்பு விபத்தாலோ தற்கொலையாலோ நேர்ந்திருந்தால் சொல்வது இன்னும் கடினம். அப்போதும் பொய் உதவாது. பின்னாளில் எவரேனும் சொல்லியே தீருவர். “அப்பாவின் மனத்துக்குக் கடுமையான நோய் வந்திருந்தது, அந்த நோயால் அவர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார், அதற்கு நீயோ நானோ காரணமல்ல” என்ற அளவில், விவரிப்புகளைத் தவிர்த்து, வயதுக்கேற்பச் சொல்லலாம்.

குழந்தை கேட்காத இரண்டு கேள்விகள்

வாய்விட்டுக் கேட்கப்படாத கேள்விகள் இரண்டு பெரும்பாலான குழந்தைகளின் மனத்தில் இருக்கும். முதலாவது: ‘என்னால்தானோ?’ தன் எண்ணமே நிகழ்ச்சிகளை உண்டாக்குகிறது என்று நம்பும் பருவம் அது. ‘அம்மா மேல் கோபப்பட்டேன், அம்மா இறந்துவிட்டாள்’ என்று குழந்தை தானே முடிச்சுப் போட்டுக்கொள்ளும். அது கேட்கும்வரை காத்திராமல், “நீ நினைத்ததாலோ சொன்னதாலோ செய்ததாலோ இது நடக்கவில்லை” என்று நாமே சொல்லிவிட வேண்டும். ஒருமுறை சொன்னால் போதாது.

இரண்டாவது: ‘நீங்களும் போய்விட்டால் என்னை யார் பார்த்துக்கொள்வார்கள்?’ ‘நான் சாகவே மாட்டேன்’ என்ற பதில் எளிது. ஆயினும் அது காக்க முடியாத வாக்குறுதி. “நான் நலமாக இருக்கிறேன். நீ பெரியவனாகும் வரை உன்னோடு இருக்கவே பார்த்துக்கொள்கிறேன். ஒருவேளை எனக்கு ஏதேனும் ஆனாலும் மாமாவும் பாட்டியும் இருக்கிறார்கள், உன்னைத் தனியே விடமாட்டோம்” என்பது குழந்தை பிடித்துக்கொள்ளத்தக்க பதில். இதைச் சொல்வதற்கு முன் அந்த மாமாவிடமும் பாட்டியிடமும் பெற்றோர் பேசியிருக்க வேண்டும் என்பதையும் நினைவூட்டுகிறோம்.

சடங்குகளும் குழந்தையும்

நம் நாட்டில் இறப்பு ஒரு பொது நிகழ்ச்சி. பத்தாம் நாள், பதின்மூன்றாம் நாள், பதினாறாம் நாள், நாற்பதாம் நாள் என்று மாநிலத்துக்கும் சமயத்துக்கும் ஏற்ப வீடு நிறைந்திருக்கும். இந்தக் கூட்டம் குழந்தைக்கு ஒரு வகையில் வரம். தூக்கிக்கொள்ளப் பல கைகள் உண்டு. ஆயினும், நடப்பது என்ன என்று விளக்கும் ஒருவர் அருகில் இல்லாவிட்டால் அதே கூட்டம் அச்சமாகிவிடுகிறது.

இரவீந்திரநாத் தாகூர் தம் தாய் சாரதா தேவியை 1875-இல் இழந்தார். அப்போது அவருக்கு வயது 13. ‘ஜீவன ஸ்மிருதி’ என்ற நினைவுநூலில் அந்த நாளை அவர் விவரித்துள்ளார். நள்ளிரவில் வேலைக்காரப் பெண் ஒருத்தி அழுதுகொண்டு ஓடிவர, குழந்தைகள் அதிர்ச்சி அடையக் கூடாதென்று அண்ணி அவளை அங்கிருந்து அகற்றிவிட்டார். அரைத் தூக்கத்திலிருந்த சிறுவனுக்கு நெஞ்சு கனத்தது, காரணம் விளங்கவில்லை. காலையில் செய்தியைச் சொன்னபோதும் அதன் முழுப் பொருள் எட்டவில்லை. முற்றத்தில் கிடத்தப்பட்டிருந்த தாயின் முகத்தில் அச்சம் தரும் எதுவும் தெரியவில்லை. உடலை வாயிலுக்கு வெளியே கொண்டுசென்று, தாமும் பின்தொடர்ந்து நடந்தபோதுதான், இனி இந்த வாயில் வழியே அம்மா வீட்டுக்குள் வரமாட்டாள் என்ற எண்ணம் புயலாக எழுந்தது என்கிறார். மறைத்த இரவில் வந்தது இன்னதென்று அறியாத ஒரு கனம். உடன் நடந்த பகலில் வந்தது பெயருள்ள துயரம். பெயருள்ள துயரத்தைப் பகிர்ந்துகொள்ள முடியும்.

எனவே குழந்தையைச் சடங்குகளிலிருந்து முற்றிலும் விலக்கவும் வேண்டாம், கட்டாயப்படுத்தவும் வேண்டாம். “அங்கே அப்பா படுத்திருப்பார், அசைய மாட்டார். நிறையப் பேர் அழுவார்கள். பிறகு அவர் உடலை எடுத்துச் செல்வார்கள். நீ பார்க்க விரும்பினால் சித்தி உன்னோடு இருப்பாள்” என்று முன்கூட்டியே சொல்லி, குழந்தையின் விருப்பத்தைக் கேட்கலாம். இடையில் வேண்டாம் என்றால் வெளியே அழைத்துச் செல்லவும் ஒருவர் தயாராக இருக்க வேண்டும். கொள்ளி வைக்கும் பொறுப்பைச் சிறுவனுக்கு அளிக்கும் குடும்பங்கள், ஒவ்வொரு படியையும் முன்னரே அவனுக்கு விளக்கி, ஒரு பெரியவரின் கையை அவன் கைமேல் வைத்துச் செய்விக்கலாம்.

இவ்விடத்தில் இரண்டு செய்திகளை உறவினர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். “இனி நீதான்டா இந்த வீட்டுக்கு ஆம்பளை, அம்மாவை நீதான் பார்த்துக்கணும்” என்று ஏழு வயதுச் சிறுவனிடம் சொல்லாதீர்கள். தந்தையை இழந்த அன்றே அவன் குழந்தைப் பருவத்தையும் இழக்க வேண்டியதில்லை. மற்றொன்று, தாயின் தோற்றம் பற்றியது. நெற்றிப் பொட்டையும் வளையலையும் பூவையும் ஒரே நாளில் அகற்றும்போது, குழந்தை தனக்குத் தெரிந்த அம்மாவின் முகத்தையும் சேர்த்து இழக்கிறது. அந்த வழக்கத்தை விலக்கிவைக்கும் குடும்பங்கள் பெருகி வருகின்றன. குழந்தையின் கண்ணால் பார்த்தால் அது தேவையான மாற்றம்.

நாள்கள் பழையபடி நகர வேண்டும்

குழந்தையின் துயரம் பெரியவர்களின் துயரம்போல் இடைவிடாது ஓடுவதில்லை. ஐந்து நிமிடம் தேம்பி அழும். ஆறாவது நிமிடம் பந்து விளையாடப் போகும். அதைக் கண்டு ‘மறந்துவிட்டது’ என்று எண்ணுவதும், ‘அப்பா செத்த வீட்டில் விளையாட்டா?’ என்று அதட்டுவதும் பிழை. தாங்க முடிகிற அளவை மட்டும் தாங்கிவிட்டு ஓய்வெடுக்கிறது அந்த உள்ளம். பொம்மையைப் படுக்கவைத்து மாலை போட்டு விளையாடினாலும் தடுக்க வேண்டாம். நடந்ததைக் கையால் தொட்டுப் புரிந்துகொள்ளும் முயற்சி அது.

படுக்கையில் சிறுநீர் கழித்தல், விரல் சூப்புதல், தாயை விட்டு நகர மறுத்தல், வயிற்று வலி என்று கூறுதல், காரணமற்ற கோபம் ஆகியவை முதல் சில வாரங்களில் இயல்பானவை. தண்டனை கூடாது. அதே நேரத்துக்குச் சாப்பாடு, அதே நேரத்துக்கு உறக்கம், அதே பள்ளி, அதே ஆசிரியை என்ற ஒழுங்கு, ‘உலகம் முழுவதும் உடையவில்லை’ என்பதைக் குழந்தைக்கு நாள்தோறும் சொல்கிறது. வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே செய்தியைத் தெரிவியுங்கள். ‘என் தந்தை’ என்று கட்டுரை எழுதச் சொல்லும் நாளில் அவர் சற்று எண்ணிப் பார்ப்பார்.

ஃபில்லிஸ் சில்வர்மன், வில்லியம் வார்டன் ஆகியோர் அமெரிக்காவில் நடத்திய ஹார்வர்டு ஆய்வு, பெற்றோரில் ஒருவரை இழந்த 70 குடும்பங்களைச் சேர்ந்த 125 குழந்தைகளை ஈராண்டுகள் பின்தொடர்ந்தது. அதிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடங்கள் இரண்டு. உயிரோடிருக்கும் தாயோ தந்தையோ எவ்வளவு நிலையாக இருக்கிறார் என்பதே குழந்தை மீள்வதற்கு முதன்மையான துணை. ஆகவே தாய் சற்று உறங்குவதற்காகக் குழந்தையை இரண்டு மணிநேரம் பார்த்துக்கொள்ளும் அண்டை வீட்டார், குழந்தைக்கே உதவுகிறார். மற்றொன்று, சில குழந்தைகளிடம் முதல் ஆண்டில் தெரியாத சிக்கல் இரண்டாம் ஆண்டில் தலைகாட்டுகிறது. வருடத் திவசம் முடிந்ததும் உறவினர் வருகை குறைந்துவிடும் காலம் அது. அப்போதும் ஒருமுறை கதவைத் தட்டுங்கள்.

நினைவுக்கு ஓர் இடம்

மாலையிட்ட படத்தைத் தவிர, இறந்தவரின் பொருள்களை எல்லாம் அகற்றிவிடும் வீடுகள் உண்டு. குழந்தைக்கென்று சிலவற்றை வைத்திருங்கள்: தந்தையின் கைக்கடிகாரம், தாயின் பழைய சேலைத்துண்டு, கைப்பேசியில் இருக்கும் குரல்பதிவு, காணொளி. கைப்பேசியை மாற்றும்போது அவற்றை மறவாமல் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். தாகூர் வளர்ந்த பின், மேலாடை முனையில் முடிந்துவைத்த மல்லிகை மொட்டுகளை நெற்றியில் ஒற்றிக்கொள்ளும்போது தாயின் விரல்கள் நினைவுக்கு வந்ததாக அதே நூலில் எழுதுகிறார். நினைவு துயரத்தை நீட்டிக்கிறது என்று நாம் அஞ்சுகிறோம். பல குழந்தைகளுக்கு அதுவே ஊன்றுகோல். “அப்பாவுக்கும் உன்னைப் போலவே ரசம்தான் பிடிக்கும்” என்று சாப்பாட்டு வேளையில் ஒரு வரி இயல்பாகச் சொல்வது, அவர் பெயரை உச்சரிக்கலாம் என்ற அனுமதியைக் குழந்தைக்கு அளிக்கிறது.

பணம் பற்றிய சொல்லும் குழந்தையின் காதில் விழும்

“இனி ஃபீஸ் எப்படிக் கட்டுவது? வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான்” என்ற பேச்சு குழந்தையின் முன்னிலையில்தான் பெரும்பாலும் நடக்கிறது. பள்ளியும் வீடும் மாறாமல் இருப்பது ஆறுதலின் பெரும்பகுதி என்பதால், உரிய தொகைகளை விரைந்து பெறுவதும் குழந்தைக்குச் செய்யும் உதவியே. எனவே எங்கள் துறை சார்ந்த சிலவற்றையும் இங்கே தருகிறோம்.

• நியமனதாரர் (நாமினி) பதிவு உள்ள கணக்குகளில், உரிய ஆவணங்கள் அனைத்தும் கிடைத்த 15 நாள்களுக்குள் வங்கி தொகையை வழங்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நெறிமுறை.

• இறந்தவரின் பாஸ்புக்கில் ஆண்டுக்கு ஒருமுறை 436 ரூபாய் பிடித்தம் உள்ளதா என்று பாருங்கள். இருந்தால் அவர் பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டில் சேர்ந்திருக்கக்கூடும். காப்பீட்டுத் தொகை 2 லட்சம் ரூபாய். 20 ரூபாய் பிடித்தம் இருந்தால் அது விபத்துக்கான சுரக்ஷா காப்பீடாக இருக்கலாம். விபத்து மரணத்துக்கு அதிலும் 2 லட்சம் ரூபாய். இவை இருப்பதையே அறியாத குடும்பங்கள் பல.

• வருங்கால வைப்பு நிதியில் உறுப்பினராக இருந்தவர் எனில், மனைவிக்கு ஓய்வூதியமும், ஒரே நேரத்தில் இரு குழந்தைகள் வரை 25 வயது முடியும்வரை ஓய்வூதியமும் உண்டு. அதனுடன் இணைந்த காப்பீட்டையும் கேட்டுப் பெறுங்கள்.

• குழந்தையின் பெயரில் சேமிப்புக் கணக்கைத் தாயே காப்பாளராக இருந்து திறக்கலாம். மைத்துனரோ மாமனாரோ வந்து கையொப்பமிட வேண்டும் என்று எண்ணித் தயங்கும் பெண்களை இன்றும் காண்கிறோம். தந்தை உயிரோடிருக்கும்போதும் தாய் காப்பாளராகச் செயல்பட முடியும் என்பதை, கீதா ஹரிஹரன் ரிசர்வ் வங்கிக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் 1999-இலேயே உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டுள்ளது.

• நலமாக இருக்கும் பெற்றோர்களே, 2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக் கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். சிறு குழந்தையை நியமித்தால், அது வயதுக்கு வரும்வரை தொகையைப் பெற்றுக்கொள்ளும் பெரியவரின் பெயரையும் சேர்த்துக் குறிப்பிடுங்கள். கணக்கு, காப்பீடு, கடன் விவரங்களை ஒரு தாளில் எழுதி, அது இருக்கும் இடத்தை வாழ்க்கைத் துணைக்குச் சொல்லிவையுங்கள்.

ஏற்பாடுகள் முடிந்தபின் குழந்தைக்கும் சொல்லுங்கள்: “அப்பா நமக்காகச் சேர்த்து வைத்திருக்கிறார். நீ இதே பள்ளிக்குத்தான் போவாய்.” தொகை எவ்வளவு என்று அதற்குத் தெரிய வேண்டியதில்லை, நாளை காலை எங்கே போவோம் என்பது தெரிந்தால் போதும்.

எப்போது பிறர் உதவியை நாட வேண்டும்?

பல மாதங்கள் கடந்தும் உறக்கமும் உணவும் சீரடையாதிருந்தால், பள்ளிக்குச் செல்ல அறவே மறுத்தால், விளையாட்டிலும் நண்பர்களிடத்திலும் நாட்டம் அற்றுப்போனால், தன்னைத் தானே குற்றம் சாட்டிக்கொண்டே இருந்தால் குழந்தை மனநல மருத்துவரை அணுகுவது நன்று. ‘நானும் அப்பாவிடம் போகணும்’ என்று குழந்தை மீண்டும் மீண்டும் சொன்னால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். நடுவண் அரசின் டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலும் பேசலாம். ஆதரவற்ற நிலையிலுள்ள குழந்தைகளுக்கான உதவி எண் 1098. துயருற்ற தாயும் தந்தையும் தங்களுக்காகவும் 14416-ஐ அழைக்கலாம்.

ஐந்து வயதில் ‘அப்பா எப்போது வருவார்?’ என்று கேட்ட குழந்தை, பத்து வயதில் ‘அவருக்கு என்ன நோய்?’ என்று கேட்கும். பதினைந்தில் ‘எனக்கும் அது வருமா?’ என்று கேட்கும். வேலையில் சேரும் நாளில், ‘இதைப் பார்க்க அவர் இல்லையே’ என்று சொல்லும். ஒவ்வொரு வயதிலும் அந்த இழப்பைக் குழந்தை புதிதாக எடுத்துப் பார்க்கிறது. முதல் முறை நாம் உண்மையைச் சொல்லியிருந்தால், அடுத்த முறையும் நம்மிடமே வந்து கேட்கும்.